திறவுகோல் எவன் கையில்?

ஒருவன் விலை கொடுத்து ஒரு வீட்டை வாங்குகிறான். ஆவணம் அவன் பெயரில் எழுதப்படுகிறது. வரியையும் அவனே கட்டுகிறான். ஆனால் வீட்டை விற்றவனோ திறவுகோலைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு போய்விடுகிறான். "சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டுமா? என்னைக் கேள். கதவை இடம் மாற்ற வேண்டுமா? முடியாது. தலைவாயிலில் உன் தாய்மொழியில் பெயர்ப்பலகை மாட்ட வேண்டுமா? அதற்குத் தனி விலை" என்கிறான். இப்படியொரு விற்பனையைக் கும்மிடிப்பூண்டிச் சந்தையில் எவனேனும் செய்தால் ஊரார் அவனை முச்சந்தியில் நிறுத்திக் கேட்பர். இதே விற்பனையை ஓர் அமெரிக்க நிறுவனம் கணினியில் செய்யும்போதோ, படித்த தமிழன் ஒரு சொல்லும் படித்துப் பாராமல் "ஒப்புகிறேன்" என்று விசையை அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறான்.

கணினி என்பது வெறும் மாழையும் கண்ணாடியும் அன்று. விசையை அழுத்தினால் எழுத்தைக் காட்டுவதும், கேட்ட கோப்பை எடுத்துத் தருவதும், திரையில் எது எங்கே நிற்க வேண்டும் என்று வரையறுப்பதும் அதனுள் இருக்கும் இயங்குதளம் என்னும் அடிப்படை மென்பொருளே. கணினியை வாங்கியவன் அவ்வியங்குதளத்தைத் தன் தேவைக்கும் தன் விருப்பத்திற்கும் தன் மொழிக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள முடிந்தால்தான் கணினி அவனுடையது. முடியாதாயின், அவன் வாங்கியது கணினியை அன்று; அதன் முன்னே அமர்ந்திருப்பதற்கான இசைவுச் சீட்டை மட்டுமே. இவ்விசைவுச் சீட்டு வணிகம் எவ்வாறு வளர்ந்தது, அதில் தமிழுக்கு நேர்ந்தது என்ன, தமிழ்நாட்டு அரசு அதற்கு எவ்வாறு துணைபோயிற்று என்பனவற்றை அறிய நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம்.

2011 செபுதம்பர் 15, அறிஞர் அண்ணா பிறந்த நாள். திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதலமைச்சர் செயலலிதா, மாவரைக்கும் பொறி, மின்விசிறி ஆகியவற்றோடு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தையும் தொடங்கி வைத்தார். திட்டம் நல்ல திட்டம். அதிற் குறைகாண எவருக்கும் வாய் வராது. கும்மிடிப்பூண்டித் தொழில் வளாகத்தில் இரும்பு உருட்டும் ஆலையின் வெம்மையில் வேகும் தொழிலாளியின் மகளும், பொன்னேரிப் பக்கத்து உழவனின் மகனும் கணினியைத் தம் மடியில் வைத்துப் பார்க்கும் நாள் வந்தது சிறுசெய்தி அன்று. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதும் ஐம்பது இலக்கத்திற்கு மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன.

பெட்டிக்குள் இருந்ததைப் பார்க்க வேண்டும். முதலில் வழங்கப்பட்டவற்றிற் பலவற்றில் ஏற்றப்பட்டிருந்த இயங்குதளம் விண்டோசு 7 இசுடார்ட்டர் என்னும் பதிப்பு. 'தொடக்கநிலைப் பதிப்பு' என்பது அதன் பொருள். 2009-இல் மைக்ரோசாப்டு நிறுவனம் விண்டோசு 7-ஐப் பல பதிப்புகளாக வெளியிட்டபோது, அவற்றுள் அடித்தட்டுப் பதிப்பாக இதனை வைத்தது. கடையில் தனியே கிடைக்காது. கணினி செய்வோர் மலிவுக் கணினிகளில் ஏற்றி விற்பதற்கென்றே உருவாக்கப்பட்டது. அப்பதிப்பில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கேட்பவர் முதலில் நம்பமாட்டார். திரையின் பின்புலத்தில் உள்ள படத்தை மாற்ற முடியாது!

ஒரு மாணவி தன் தாயின் படத்தையோ, திருவள்ளுவர் படத்தையோ, தன் ஊர் ஏரியின் படத்தையோ தன் கணினித் திரையில் வைத்துக்கொள்ள விரும்பினால், நிறுவனம் 'கூடாது' என்கிறது. அது வைத்த படமே இருக்கும். கணினியின் மூடிமேல் முதலமைச்சரின் படம். மூடியைத் திறந்தால் நிறுவனத்தின் படம். கணினிக்கு உரிய பிள்ளைக்கோ எந்தப் படமும் வைக்க உரிமையில்லை. ஆள்வோரும் விற்போரும் இடத்தைப் பங்கிட்டுக்கொண்ட அழகை இதைவிடத் தெளிவாக எவராலும் வரைந்து காட்ட இயலாது.

படத்தை மாற்றுவது கணினிக்குக் கடினமான வேலையா? இல்லை. அதற்கு முந்தைய விண்டோசுப் பதிப்புகளிலேயே அவ்வசதி இருந்தது. அதே விண்டோசு 7-இன் உயர்ந்த பதிப்புகளிலும் இருந்தது. இதைவிடக் கொடிது ஒன்றுண்டு. உயர்பதிப்புக்குரிய கோப்புகள் முன்னமே அந்தக் கணினியின் வட்டில் கிடந்தன. பணம் கட்டினால் நிறுவனம் ஒரு திறவுகோல் எண்ணை அனுப்பும். அவ்வெண்ணைத் தட்டியவுடன், உள்ளே கிடந்தது உயிர்பெற்று எழும். பொருள் வாங்கியவன் வீட்டிலேயே இருந்தது. பூட்டும் அங்கேயே இருந்தது. திறவுகோல் மட்டும் அமெரிக்காவில் இருந்தது. ஏழைக்கு ஏழைமையை நாள்தோறும் திரையில் காட்டிக்கொண்டே இருந்தால், ஒருநாள் நாணி அவன் பணத்தைக் கட்டுவான் என்பதே இக்கட்டுப்பாட்டின் உட்பொருள்.

இது தற்செயலாக நேர்ந்ததும் அன்று. இதற்கு முன்பே, 2004 முதல், வளரும் நாடுகளுக்கென்று விண்டோசு எக்சுபி இசுடார்ட்டர் என்னும் பதிப்பை மைக்ரோசாப்டு விற்றது. அதில் ஒரே நேரத்தில் மூன்று நிரல்களுக்கு மேல் திறக்க முடியாது. நான்காவதைத் திறந்தால் கணினி மறுத்துவிடும். ஆற்றலின்மையால் அன்று, கையைக் கட்டி வைத்ததனால். இந்தியாவுக்கு அப்பதிப்பு 2005-இல் வந்தபோது எந்த மொழியில் முதலில் வந்தது? இந்தியில்! தில்லி எதை 'இந்தியாவின் மொழி' என்று உலகத்துக்குக் காட்டுகிறதோ அதையே வணிகனும் எடுத்துக்கொள்கிறான். விண்டோசு 7 இசுடார்ட்டரிலும் மூன்று நிரல் வரம்பை வைக்கவே முதலில் எண்ணியிருந்தனர். எதிர்ப்பு எழுந்ததால் 2009-இல் வெளியீட்டுக்கு முன்னரே அதைக் கைவிட்டனர். மூன்று என்னும் வரம்பு போயிற்று. படத்தின் பூட்டு போகவில்லை.

விண்டோசு என்னும் பெயரையும் சற்று எண்ணலாம். பலகணி என்பது அச்சொல்லின் பொருள். தமிழில் அதற்குக் காலதர் என்றொரு பழஞ்சொல் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி காலதர். வியப்பு என்னவெனில், ஆங்கிலச் சொல்லும் வடபுலத்துப் பழைய நோர்சு மொழியில் 'காற்றுக் கண்' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்தே பிறந்தது. கடலுக்கு இப்பாலும் அப்பாலும் வாழ்ந்த மாந்தர் இருவரும் பலகணியைத் திறப்பதற்குரிய ஒன்றாகவே கண்டனர். அதனைத் திறக்கக் கூலி கேட்கும் அறிவு இருபதாம் நூற்றாண்டு வணிகனுக்கே வாய்த்தது.

படத்தின் பூட்டைப் பெரிதுபடுத்துவானேன், சிறுபிள்ளைத்தனம் அன்றோ என்று சிலர் நகைக்கலாம். அவர்கள் அடுத்த பூட்டைக் காண வேண்டும். 2012-இல் வந்த விண்டோசு 8 முதல் 'ஒருமொழிப் பதிப்பு' என ஒன்று விற்கப்படலாயிற்று. விண்டோசு 10-இலும் 11-இலும் அது தொடர்ந்தது. இந்தியச் சந்தைக்கு வரும் மலிவு மடிக்கணினிகளில் இதனைப் பரவலாகக் காணலாம். இதன் உரிமம் ஒரே ஒரு காட்சிமொழிக்கு மட்டுமே. வேறு மொழித் தொகுதியை ஏற்றப் புகுந்தால், இவ்வுரிமத்தில் ஒரு மொழிக்கே இடமுண்டு என்று கணினி கூறிவிடும். இன்னொரு மொழி வேண்டுமெனில் பணம் கட்டி வேறு பதிப்புக்கு மாற வேண்டும். பல மொழிகள் வாழும் நிலத்திற்கு ஒருமொழிப் பதிப்பை அனுப்புகிறான்! அந்த ஒரு மொழி எதுவென்று கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவில் மடிக்கணினி வாங்கிய எவரையும் கேட்டால் சொல்வர். ஆங்கிலந்தான். இங்கே படம் அன்று, மொழியே பூட்டப்படுகிறது.

மைக்ரோசாப்டு தமிழுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். விண்டோசு 2000-இலேயே தமிழ் ஒருங்குறி எழுத்துக்கு இடம் தந்தது. பின்னர்த் தமிழ் இடைமுகத் தொகுதிகளையும் வெளியிட்டது. அவை அடிக்கடி கண்ணிற் படும் பகுதிகளைத் தமிழாற் போர்த்தும் மேற்போர்வைகள். அவற்றிற்கு உழைத்த தமிழர்க்கு நன்றி உண்டு. ஆயினும் கொடுப்பவன் விரும்பும்போது கொடுத்து, விரும்பும்போது பூட்டி, பதிப்புக்குப் பதிப்பு விலை வைக்கும் ஒன்றை உரிமை என்று எப்படிச் சொல்வது?

தொல்காப்பியர் எச்சவியலில் வடசொல்லுக்கு ஒரு நெறி வகுத்தார். வேற்றுமொழிச் சொல் தமிழுக்குள் வரலாம். ஆனால் தன் எழுத்தை வாயிலில் விட்டுவிட்டுத் தமிழ் எழுத்தை உடுத்துக்கொண்டு வர வேண்டும் என்பது அந்நெறியின் கருத்து. வீட்டுக்காரன் வகுக்கும் நெறிக்கு விருந்தாளி ஒழுகுகிறான். பொறிக்கும் இதுவே நெறியாக வேண்டும். தமிழர் வேற்றுநாட்டுப் பொறியை என்றும் வெறுத்ததில்லை. அதனை மாற்றித் தமக்கு உரியதாக்கிக்கொண்டனர். தமிழ் எந்தப் பொறிக்குள் நுழைந்ததும் பொறி செய்தவனின் கொடையால் அன்று. பொறியைத் திறந்து மாற்றிய தமிழனின் கையால்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலையா சென்ற முத்தையாவின் வரலாற்றை நோக்குக. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கில எழுத்துகளுக்கென அமைந்த தட்டச்சுப் பொறியை எடுத்து, அதன் விசைகளுள் 247 எழுத்துகளையும் எப்படி அடக்குவது என்று உழன்றவர் அவர். எழுத்துறுப்பைப் பதித்துவிட்டு உருளை நகராமல் நிற்கும் நகரா விசையை அவர் அமைத்ததனால்தான், ஓர் உறுப்பின்மேல் மற்றோர் உறுப்பை ஏற்றித் தமிழ் எழுத்தை முழுமையாக்க முடிந்தது. அன்றைய தட்டச்சுப் பொறி நிறுவனம், "விசையைத் தொட்டால் வழக்கு" என்று எழுதி ஒட்டியிருந்தால் தமிழ்த் தட்டச்சு பிறந்திருக்குமா?

கணினியிலும் அதே கதைதான். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை 1985-இல் உருவாக்கினார். அன்றைய கணினிகளில் தமிழ் இல்லை. ஆனால் உள்ளே கைவைக்க இடம் இருந்தது. அவ்விடத்தில்தான் தமிழ் எழுத்துருக்கள் புகுந்தன. தமிழர் தாமே குறியீட்டு முறைகளை வகுத்தனர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை அரசின் தரமாயிற்று. முகுந்தராசு முதலியோரின் முயற்சியால் வந்த எ-கலப்பை, உலகத் தமிழர் பலரை முதன்முதலாக இணையத்தில் தமிழில் எழுத வைத்தது. அது விண்டோசுக்குள் தமிழர் தாமே பொருத்திய கலப்பை. விண்டோசு தந்த கலப்பை அன்று.

கதவு சாத்தியிருந்தபோது நடந்ததையும் அறிய வேண்டும். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 2007-இல் வந்தது. வெளியார் செய்த விசைப்பலகையை அதில் பொருத்த 2014-இல் எட்டாம் பதிப்பு வரும்வரை ஆப்பிள் இடந்தரவில்லை. தமிழ் விசைப்பலகையை அந்நிறுவனமே சேர்த்தது 2013-இல், ஏழாம் பதிப்பில். இடைப்பட்ட ஆண்டுகளில் ஐபோன் வைத்திருந்த தமிழன் என்ன செய்தான்? செல்லினம் போன்ற ஒரு செயலியைத் திறந்து, அதற்குள் தமிழில் எழுதி, எழுதியதைப் படியெடுத்து, வேறிடத்தில் கொண்டுபோய் ஒட்டினான். செய்யத் தெரிந்த தமிழன் இருந்தான். செய்த விசைப்பலகையும் இருந்தது. பொருத்த இசைவு இல்லாமையால், பல்லாயிரம் உருபா கொடுத்து வாங்கிய பேசியில் தாய்மொழியை இடுக்கியால் எடுத்து வைக்கும் நிலை வந்தது.

பூட்டுவோர் சொல்லும் விடை ஒன்றே: பாதுகாப்பு. 'தீயவன் உள்ளே புகாமல் இருக்கவே பூட்டுகிறோம்' என்பர். பூட்டு வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. கேள்வி திறவுகோலைப் பற்றியது. விண்டோசு 8 வந்தபோது, கையொப்பமிட்ட இயங்குதளத்தை மட்டுமே தொடங்கவிடும் காப்புத்தொடக்கம் என்னும் முறையைக் கணினி செய்வோர்மேல் மைக்ரோசாப்டு ஏற்றியது. அம்முறையில் தீங்கில்லை. ஆனால் பெரும்பாலான கணினிகளில் முன்கூட்டிப் பொறிக்கப்பட்ட திறவுகோல் மைக்ரோசாப்டினுடையது. அதனால் இலினக்சு வழங்குவோரும் தம் இயங்குதளம் அக்கணினிகளில் தடையின்றித் தொடங்க மைக்ரோசாப்டின் கையொப்பத்தை வாங்க வேண்டியதாயிற்று. போட்டியாளனின் கதவைத் திறக்கும் உரிமை வணிகனிடமே! மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் இக்காப்பை உடைமையாளன் நிறுத்திவைக்க வழி இருக்க வேண்டும் என்று 2012-இல் வகுத்த அதே நிறுவனம், ஏஆர்எம் சில்லு வைத்த விண்டோசுக் கருவிகளில் அவ்வழியை அறவே அடைத்தது. 2015-இல் விண்டோசு 10 வந்தபோது, வழி வைப்பதும் வைக்காததும் கணினி செய்வோர் விருப்பம் என்று விட்டுவிட்டது. 2021-இல் வந்த விண்டோசு 11, பணிப்பட்டையைத் திரையின் மேலோ பக்கத்திலோ நகர்த்தும் பழைய வசதியையும் பறித்துக்கொண்டது. வீட்டுக்கென விற்கும் பதிப்பில், நிறுவனத்திடம் கணக்குத் தொடங்காமல் கணினியையே தொடங்க முடியாதபடி செய்தது. பணிப்பட்டையை இடப்பக்கம் வைத்தால் எந்தக் கள்வன் உள்ளே வருவான்?

பூட்டு பாதுகாப்புக்கு அன்று என்பதற்கு ஐரோப்பாவே சான்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சந்தைகள் சட்டம் 2024 மார்ச்சில் பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கியதும், அதுவரை 'முடியவே முடியாது' என்றிருந்தவை எல்லாம் முடிந்தன. ஐபோனில் ஆப்பிள் அல்லாத செயலிக்கடைகள் வந்தன. விண்டோசில் அகற்றவே முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்த எட்சு உலாவியை ஐரோப்பியர் அகற்ற முடிந்தது. 2025 அக்தோபர் 14-இல் விண்டோசு 10-க்கான ஆதரவு முடிந்தபோதும் இதே வேற்றுமைதான். மேலும் ஓராண்டுப் பாதுகாப்பு இற்றைகளை ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியினர்க்குக் கட்டணமின்றித் தர மைக்ரோசாப்டு இணங்கியது. பிற நாட்டார்க்கோ, ஒன்று முப்பது தாலர் கட்ட வேண்டும், அல்லது தம் கணினி அமைப்புகளை நிறுவனத்தின் முகிற்சேமிப்பில் படியெடுக்க ஒப்ப வேண்டும், அல்லது நிறுவனத்தின் வெகுமதிப் புள்ளிகளைச் சேர்த்திருக்க வேண்டும். பெர்லினில் இருப்பவனுக்குத் திறக்கும் கதவு பொன்னேரியில் இருப்பவனுக்கு ஏன் திறப்பதில்லை? அங்கே கேட்கும் அரசு இருக்கிறது.

தில்லி கேட்கவே இல்லையா? ஒருமுறை கேட்டது. திருத்தப்பட்ட ஆண்டிராய்டை ஏற்றிக் கருவிகளை விற்கக் கூடாது என்று பேசி செய்வோரைக் கூகுள் கட்டிப்போட்டிருந்ததும், தன் செயலிகளை மொத்தமாக ஏற்றியே ஆக வேண்டும் என்றதும் பற்றி இந்தியப் போட்டி ஆணையம் ஆராய்ந்து, 2022 அக்தோபரில் 1,337.76 கோடி உருபா தண்டம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் தண்டத்தை உறுதி செய்து, ஆணையம் இட்ட கட்டளைகளிற் சிலவற்றை நீக்கியது. இந்த அளவுக்கேனும் நடந்ததே என்று கொள்ளலாம். ஆனால் அவ்வழக்கில் எழுந்த வாதம் போட்டியைப் பற்றியது. மொழியைப் பற்றி அங்கே கேட்க ஆளில்லை. தமிழைப் பற்றிக் கேட்க வேண்டியது தமிழ்நாடு.

தமிழ்நாடு செய்ததைப் பார்த்தால் பெருமையும் நாணமும் ஒருங்கே வரும். 2007, 2008 ஆண்டுகளில், உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், அரசின் எல்காட்டு நிறுவனம் இலினக்சின் பக்கம் துணிந்து திரும்பியது. அலுவலகக் கணினிகளிலும் பள்ளிக் கணினிகளிலும் சூசி இலினக்சு ஏறியது. இந்திய மாநிலங்களுக்கு அது ஒரு வழிகாட்டுதலாக இருந்தது. அந்தக் கால் முன்வைத்த இடத்தில் நிற்கவில்லை. 2011-இல் மாணவர் கணினிகளுக்கு விண்டோசு வேண்டும் என்று அரசு முடிவெடுத்தபோது, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் அன்றே எதிர்த்துக் குரல் கொடுத்தனர். கேட்பாரில்லை. மாணவர்க்கு வழங்கிய கணினிகள் பலவற்றில் விண்டோசோடு பாசு இலினக்சும் உடன் ஏற்றப்பட்டிருந்தது உண்மை. ஆனால் ஆசிரியர்க்கு அதைக் கற்பிக்காமல், பாடத்தில் அதற்கு இடம் தராமல், வட்டின் ஒரு மூலையில் ஏற்றி வைத்தது, பந்தியில் இலை போட்டுவிட்டுச் சோறு போடாமல் போனது போலாயிற்று. 2014-இல் விண்டோசு எக்சுபியின் ஆதரவு முடிந்தபோது அரசுத் துறைகளைப் பாசு இலினக்சுக்கு மாறுமாறு சொன்னதும் இதே அரசுதான். நெருப்புப் பிடித்தால் கிணற்றை நினைப்பதும், அணைந்தால் மறப்பதும் வழக்கமாகிவிட்டது.

"கொடையாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்பார் சிலர். மடிக்கணினி எவர் வீட்டுக் கொடையும் அன்று; மக்கள் கட்டிய வரி. தம் பணத்தில் வாங்கிய மாட்டின் பல்லை மட்டுமன்று, கயிற்றை எவன் பிடித்திருக்கிறான் என்றும் பார்க்கத்தான் வேண்டும். இன்னொரு கூட்டத்தார், "விண்டோசு தெரியாவிட்டால் வேலை கிடைக்காது" என்பர். பதினேழு அகவையில் ஒரு பிள்ளை கற்க வேண்டியது கணினியையா, ஒரு கடைக்காரனின் கணக்கையா? காக்களூரில் வழங்கிய விண்டோசு 7-க்கான ஆதரவு 2020 சனவரியில் முடிந்துபோயிற்று. அப்பதிப்பை மட்டுமே கற்றவனுக்கு அதன்பின் என்ன மிஞ்சியது? 2019 வரை வழங்கிய கணினிகளிற் பெரும்பாலானவற்றை விண்டோசு 11 ஏற்றுக்கொள்வதும் இல்லை. பழைய சில்லுகளை வாயிலிலேயே தள்ளிவிடுகிறது. அதே கணினியில் ஓர் இலினக்சை ஏற்றினால் இன்னும் சில ஆண்டு உழைக்கும்; குனோம், கேடிஇ ஆகிய முகப்புகளும் இலிபர் ஆபீசும் பயர்பாக்சும் தமிழ்முகம் காட்டும். அம்முகத்தை வரைந்தவர் கூலி வாங்காத தமிழ்த் தன்னார்வலர். அதில் ஒரு சொல் பிழையாக இருந்தால் கும்மிடிப்பூண்டித் தமிழாசிரியரே திருத்தம் எழுதி அனுப்பலாம், அது சேர்க்கப்படும். விண்டோசில் ஒரு சொல்லைத் திருத்த அவர் எங்கே போவார்?

பொறியை உருவாக்கும் கைகளையும் மறந்துவிடுவதற்கில்லை. திருவள்ளூர் மாவட்டத்தை ஒட்டிய காஞ்சிபுர மாவட்டத்தில், திருப்பெரும்புதூர் அருகே சுங்குவார்சத்திரத்தில் பாக்சுகான் ஆலை 2019 முதல் ஐபோன்களைக் கோத்து வருகிறது. அங்கு வேலை செய்வோரில் மிகப் பலர் இளம்பெண்கள். 2021 திசம்பரில், திருவள்ளூர் மாவட்டத்துப் பூவிருந்தவல்லிப் பக்கத்தில் அவர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். அதன்பின் அவர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடியதை நாடே பார்த்தது. அப்பெண்களின் விரல்கள் அக்கருவியின் ஒவ்வொரு திருகையும் அறியும். ஆனால் அதே கருவியை ஒருத்தி தன் கூலியைச் சேர்த்து வாங்கினால், ஆப்பிள் ஒப்பாத ஒரு செயலியைத் தன் விருப்பப்படி அதில் ஏற்ற முடியாது. முகத்திரையைத் தானே மாற்றிப் பொருத்தினால், அது தன் பகுதிதானா என்று கருவி ஐயுறும். செய்தவளுக்கே அயலாக நிற்கும் பொருளை அவள் கையாலேயே செய்விக்கும் திறம் வேறு எந்தக் காலத்து ஆண்டைக்கும் வாய்க்கவில்லை.

இம்மாவட்டத்து மண்ணுக்கு எல்லை காத்த வரலாறு உண்டு. மங்கலங்கிழார் என்னும் தமிழாசிரியர் பள்ளிகளில் தமிழ் சொல்லித் தந்து வளர்த்த உணர்ச்சிதான் வடவெல்லைப் போராட்டத்துக்கு வித்தாயிற்று. ம.பொ.சி. முதலியோர் சிறை புகுந்தனர். 1960 ஏப்பிரலில் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அன்று கேட்டது பெருநிலம் அன்று. ஊர்ப் பெயர்ப்பலகையிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் தமிழ் இருக்கும் உரிமையைத்தான். இன்று அலுவலகமும் பள்ளியும் கடையும் கணினித் திரைக்குள் போய்விட்டன. அந்தத் திரையின் மொழியை ஒரு வணிக உரிமம் வரையறுக்கிறது. அதனை எல்லைச் சிக்கல் என்று அன்றி வேறு எவ்வாறு அழைப்பது?

2025 மார்ச்சில் தமிழ்நாட்டு அரசு தன் வரவு செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் இருபது இலக்கம் பேருக்கு ஈராண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாக அறிவித்தது. இருபது இலக்கம் என்பது சிறிய எண் அன்று. இத்தனை கணினி வாங்குபவன் விற்பவனுக்கு நெறி சொல்லலாம், விற்பவன் கேட்பான். ஒப்பந்தப் புள்ளியில் நான்கு வரி எழுதினால் போதும். இனி வழங்கும் எந்தக் கணினியிலும் ஒருமொழிப் பதிப்பு கூடாது. முதன்முதல் ஒளிரும் திரை தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலம் வேண்டுவோர் மாற்றிக்கொள்ளட்டும். விசைப்பலகையில் தமிழ்99 எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். காப்புத்தொடக்கத்தின் திறவுகோலை மாற்றும் உரிமையும், வேறு இயங்குதளத்தை ஏற்றும் உரிமையும் கணினி பெறும் மாணவர்க்கே உண்டு என்பது எழுத்தில் வர வேண்டும். அப்படிச் செய்ததனால் பழுதுநீக்கும் பொறுப்பிலிருந்து விற்றவன் நழுவக் கூடாது.

பாசு இலினக்சை உருவாக்கிய சீடாக்கு நிறுவனத்தின் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து காலைத் தொடர்வண்டி ஏறினால் நண்பகலுக்குள் போய்ச் சேரலாம். பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் வீதம் ஒரு கிழமை அனுப்பி, இயங்குதளத்தை ஏற்றவும் திறக்கவும் திருத்தவும் பயிற்றுவிக்க, மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் ஆணை போதும். பழைய மடிக்கணினிகள் மாணவர் வீட்டுப் பரண்மேலும் பெட்டிகளிலும் தூங்குகின்றன. பயிற்சியை அவற்றிலிருந்தே தொடங்கலாம், உடைந்தாலும் இழப்பில்லை.